பழைய 16 சேனல் கன்சோல்: மீட்டரில் 48 வோல்ட் காட்டுகிறது, மைக் மட்டும் பேச மறுக்கிறது

வளவுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் அறை நடத்துகிறோம். பெரும்பாலும் ஆச்சிமார் பாடும் தாலாட்டு, கல்யாணப் பாட்டு, கோயில் கச்சேரி இவைதான் பதிவு. மிக்ஸர் எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்த 16 சேனல் அனலாக் கன்சோல். பவர் சப்ளை தனிப் பெட்டி, தடித்த பல பின் கேபிளில் கன்சோலுக்கு வருகிறது. ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி ஃபாண்டம் (மைக் ஒயர் வழியாகவே மைக்குக்கு 48 வோல்ட் அனுப்பும் ஏற்பாடு) ஸ்விட்ச் உண்டு.

ஃபாண்டம் கரண்டில் ஓடும் கண்டென்சர் மைக் ஒன்றிரண்டு போட்டு வேலை செய்தால் சத்தம் கண்ணாடி போல இருக்கிறது. எட்டு மைக்கையும் போட்டுச் சாயங்காலம் உட்கார்ந்தால் எல்லாச் சேனலிலும் அடியில் ஒரு கொர் சத்தம் வருகிறது, குரல் உயரும்போது உடைகிறது. காலையில் அதே எட்டு மைக்கில் இந்தத் தொல்லை இல்லை. இது முதல் புகார்.

5ஆம் சேனலில் ஃபாண்டம் போட்டாலே மற்ற சேனல்களைவிட இரைச்சல் அதிகம். அணைத்துவிட்டு, கரண்ட் தேவையில்லாத டைனமிக் மைக் போட்டால் அமைதி. 11ஆம் சேனல்தான் விசித்திரம். நான்கு வகை கண்டென்சர் மைக்கில் ஒரே ஒரு மாடல் மட்டும் அதில் பேசுகிறது, மற்றவை செத்த மாதிரி கிடக்கின்றன.

மைக் எதுவும் செருகாமல், சாக்கெட்டின் மூன்று பின்களில் (1 எர்த், 2ம் 3ம் ஒலி) பின் 1க்கும் 2க்கும் நடுவே, 1க்கும் 3க்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 16 சேனலிலும் 48.1 வோல்ட், 11 உட்பட. அப்படியானால் ஃபாண்டம் நன்றாக இருக்கிறது, மைக்குகள்தான் போய்விட்டன என்று எடுத்துக்கொள்ளலாமா?

கோட்டையூர்_தம்பி:

அண்ணே, இதற்கெல்லாம் மண்டையை உடைக்க வேண்டாம். எட்டுச் சேனல் தனி ஃபாண்டம் பெட்டி ஒன்று வாங்கி நடுவில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு டிஜிட்டல் இன்டர்ஃபேஸ். கன்சோலை முகப்பில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம். 😄

மைக்செட்_தேவகோட்டை:

தம்பி சொல்வது சுலபம். அந்த மாதிரி கன்சோல் இப்போது போனால் திரும்பக் கிடைக்காது.

நான் திருவிழா, கல்யாணம் என்று மைக்செட் போடுகிறவன், ஸ்டுடியோ ஆள் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். கேபிள்களைப் பார்த்தீர்களா? எங்கள் ஆம்ப்ளிஃபையர்களுக்குக் கட்டிய பழைய ஒயர்களில் பின் 3ஐ பின் 1ஓடு சேர்த்துப் பற்றவைத்திருப்போம். டைனமிக் மைக்குக்கு அது ஓடும். அந்த ஒயரை ஃபாண்டம் உள்ள சேனலில் செருகினால் 48 வோல்ட்டின் ஒரு கால் நேராக எர்த்துக்குப் போகும். 5ஆம் சேனலில் யாராவது அப்படி ஒரு ஒயரை மாட்டி வைத்திருந்தார்களா என்று விசாரியுங்கள்.

ஈயப்பற்று:

வளவுக்காரன் தம்பிக்கு: மைக்குகளை இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம். உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை, நாம் கேட்ட கேள்விதான் போதாது.

டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள் ரெசிஸ்டன்ஸ் வழக்கமாக 10 மெக் ஓம். அது கிட்டத்தட்ட கரண்ட்டே இழுக்காது. கரண்ட் ஓடாத இடத்தில் வோல்டேஜ் விழாது. வழியில் ஒரு கறுத்த ஸ்விட்ச் 20 கே, 30 கே (கிலோ ஓம்) தடையாக உட்கார்ந்திருந்தாலும் மீட்டர் சமர்த்தாக 48 என்றே காட்டும். மைக் அப்படி இல்லை, அது கரண்ட் குடிக்கும்.

கணக்கு இதுதான். 48 வோல்ட், பின் 2க்கு ஒரு 6.8 கே ரெசிஸ்டர் வழியாகவும், பின் 3க்கு இன்னொரு 6.8 கே வழியாகவும் போகிறது. மைக்கின் பார்வையில் இரண்டும் இணையாக, அதாவது 3.4 கே. மைக் 4 மில்லி ஆம்பியர் இழுத்தால் 13.6 வோல்ட் ரெசிஸ்டரிலேயே விழுந்துவிடும், மைக்குக்குப் போய்ச் சேர்வது 34.4. இது கோளாறு இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு மைக் 10 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம் என்று தர நிர்ணயமே சொல்கிறது. சப்ளை 44இலிருந்து 52 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

ஆகவே பளு கொடுத்து அளக்க வேண்டும். பழைய எக்ஸ்.எல்.ஆர். (மூன்று பின் மைக்) ஆண் பிளக் ஒன்றில் பின் 1க்கும் 2க்கும் நடுவே ஒரு 10 கே ரெசிஸ்டர் பற்றவைத்துக்கொள்ளுங்கள், அரை வாட். அதைச் சேனலில் செருகி, ரெசிஸ்டரின் இரு முனையிலும் அளந்து பாருங்கள். 48ஐ 16.8ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் 28.6 வோல்ட். நல்ல சேனலில் அதை ஒட்டி வர வேண்டும். மொத்தப் 16 சேனலுக்கும் எழுதி வையுங்கள்.

கூடவே இரண்டு விஷயம் தேவை. சாயங்காலம் உங்கள் வீட்டு பிளக்கில் எத்தனை வோல்ட் வருகிறது? பவர் சப்ளையின் பின்புறம் வோல்டேஜ் செலக்டர் எதில் இருக்கிறது?

கோட்டையூர்_தம்பி:

ஒரு சந்தேகம். இந்த 48 என்ற எண் எங்கிருந்து வந்தது? 12, 24 என்று இருந்தால் பேட்டரியிலேயே ஓட்டிவிடலாமே.

ஈயப்பற்று:

12ம் 24ம் கூட உண்டு, ரெசிஸ்டர் மதிப்புதான் மாறும். 12 வோல்ட்டுக்கு 680 ஓம், 24க்கு 1.2 கே. ஆனால் பரவலாக நின்றது 48. 1966இல் ஜெர்மனியின் நாய்மன் மைக் கம்பெனி நார்வே வானொலிக்கு டிரான்சிஸ்டர் மைக் செய்து கொடுத்தபோது, அங்கே ஸ்டுடியோக்களில் அவசர விளக்குக்காக ஏற்கெனவே 48 வோல்ட் லைன் ஓடிக்கொண்டிருந்தது. அதையே எடுத்துக்கொண்டார்கள். குளிர்நாட்டுக்காரன் இருட்டுக்குப் பயந்து வைத்த கரண்டில் நம் ஊர் ஆச்சி தாலாட்டு பாடுகிறார்.

நாயனக்காதன்:

காரைக்குடிக்கு ரெக்கார்டிங் புதிதா என்ன. நாற்பதுகளில் ஏவி.எம். ஸ்டுடியோவே இங்கேதானே இருந்தது. 1948இல்தான் வடபழனிக்குப் போனார்கள். அப்போதெல்லாம் ஃபாண்டம் எங்கே இருந்தது?

ஈயப்பற்று:

அப்போது ஃபாண்டம் இல்லை. அந்தக் காலத்துக் கண்டென்சர் மைக்கில் வால்வு இருக்கும். வால்வின் ஃபிலமென்ட்டுக்கே தனிச் சப்ளை வேண்டும், அதனால் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு பெட்டி, பல பின் கேபிள். ரிப்பன், டைனமிக் மைக்குகளுக்குக் கரண்டே வேண்டாம். கண்டென்சர் மைக்குக்கு மைக் ஒயரிலேயே கரண்டை அனுப்பும் ஏற்பாடு டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் சாத்தியமானது.

வளவுக்காரன்:

ஐயா சொன்னபடி 10 கே பிளக் செய்து அளந்தேன். ஆனால் ஒரு குழப்பம். நீங்கள் 28.6 என்றீர்கள். எனக்கு நல்ல சேனல்களில் எல்லாம் 35.8 அல்லது 35.9 வருகிறது. அதிகமாக வந்தால் அதுவும் கோளாறா?

5ஆம் சேனலில் 35.3. 11ஆம் சேனலில் 12 வோல்ட், அதுவும் நிலையாக இல்லை. ஸ்விட்சை விரலால் லேசாக அசைத்தால் 9க்கும் 20க்கும் இடையே ஆடுகிறது.

பிளக்கில் பகலில் 232 வோல்ட், இரவு ஏழு மணிக்கு 195. செலக்டர் 240இல் இருக்கிறது.

மைக்செட் அண்ணன் சொன்னது சரிதான். 5ஆம் சேனலில் வெகுகாலமாக ஒரு பழைய நீள ஒயர் செருகியே இருந்திருக்கிறது. பிரித்துப் பார்த்தேன், 3ம் 1ம் சேர்த்துப் பற்றவைத்தது.

மைக்செட்_தேவகோட்டை:

நான் சொல்லல? 🙂

ஈயப்பற்று:

35.8 வருவது நல்ல செய்தி. உங்கள் கன்சோலில் மைக் இன்புட்டில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று அர்த்தம். பின் 2க்கும் 3க்கும் நடுவே அதன் பிரைமரிச் சுருள் நேராக இணைந்திருக்கிறது, டி.சி.க்கு அது சில பத்து ஓம்தான். நீங்கள் பின் 2இல் மட்டும் பளு கொடுத்தாலும் பின் 3இன் ரெசிஸ்டரும் அந்தச் சுருள் வழியாக உதவிக்கு வந்துவிடும். அப்போது 6.8 கே இல்லை, 3.4 கே. 48 வகுத்தல் 13.4, பெருக்கல் 10, விடை 35.8. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெப்பாசிட்டர் வழியாக உள்ளே போகும் கன்சோல்களில்தான் 28.6 வரும். இழையைப் படிக்கிற மற்றவர்கள் உங்கள் கன்சோல் எந்த வகை என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது 11ஆம் சேனல். 12 வோல்ட் வருகிறதென்றால் 10 கேயில் ஓடுவது 1.2 மில்லி ஆம்பியர். மீதி 36 வோல்ட் வழியில் விழுகிறது. 36ஐ 1.2ஆல் வகுத்தால் 30 கே. அதில் 3.4 கே நியாயமானது, மிச்சம் 26 கே சொச்சம் ஸ்விட்சில் இருக்கிறது. அசைத்தால் ஆடுகிறது என்பதே சாட்சி. ஒரு மாடல் மட்டும் ஏன் பேசுகிறது என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. 12 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும், 1 மில்லி ஆம்பியர்தான் குடிக்கும் மைக்குகள் சில உண்டு. அதற்கு 30 வோல்ட் வழியில் விழுந்தாலும் 18 மிஞ்சும், அது போதும். 4 மில்லி ஆம்பியர் கேட்கிற மைக் என்ன செய்யும்? படுத்துவிடும்.

ஸ்விட்சைக் கழற்றாமலே முதலில் நல்ல காண்டாக்ட் கிளீனர் விட்டு, மின்சாரம் இல்லாமல் இருபது முப்பது தடவை போட்டு அணையுங்கள். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சரியாகாவிட்டால் மாற்றத்தான் வேண்டும்.

5ஆம் சேனல் நுணுக்கமானது. அரை வோல்ட் குறைவு என்பது ஒரு ரெசிஸ்டர் மதிப்பு ஏறிவிட்டது என்று சொல்கிறது. அந்தப் பழைய ஒயர் 3ஐ எர்த் செய்ததும் பின் 3இன் ரெசிஸ்டர் முழு 48 வோல்ட்டையும் தாங்குகிறது. அதில் ஓடுவது 7 மில்லி ஆம்பியர், பிறக்கும் சூடு 0.34 வாட். பின் 2இன் ரெசிஸ்டரும் பிரைமரி வழியாக அதே கதிதான். அங்கே இருப்பது கால் வாட் ரெசிஸ்டர் என்றால் மாதக்கணக்கில் வறுபட்டிருக்கும். மாடியூலை வெளியே எடுத்துப் பாருங்கள், ஒன்றாவது பழுப்பேறியிருக்கும்.

ஓம் மீட்டரை அப்படியே போர்டில் வைத்து அளக்காதீர்கள். அதே பிரைமரி இரண்டையும் இணைத்து வைத்திருப்பதால் எதை அளந்தாலும் 3.4 கே பக்கமே காட்டும், இரண்டும் சரி என்று தோன்றும். ஒரு முனையைச் சால்டர் எடுத்துத் தூக்கிவிட்டு அளக்க வேண்டும்.

கோட்டையூர்_தம்பி:

அரை வோல்ட் வித்தியாசத்துக்கு இரைச்சல் எப்படி வரும்? மைக்குக்கு 34 கிடைத்தால் என்ன, 33.5 கிடைத்தால் என்ன?

ஈயப்பற்று:

நல்ல கேள்வி தம்பி. வோல்டேஜ் குறைந்ததால் இரைச்சல் வரவில்லை. சப்ளையில் எப்போதும் கொஞ்சம் ஹம் (மெயின்ஸ் ரீங்காரம்) கலந்திருக்கும். இரண்டு ரெசிஸ்டரும் சமமாக இருந்தால் அது பின் 2லும் 3லும் ஒரே அளவில் ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதால் அது கழிந்துபோகும். ஒன்று 6.8, மற்றது 7.7 என்று ஆனால் கழியாது, மிச்சம் உள்ளே போய்விடும். ஆகவேதான் இரண்டும் ஒன்றுக்கொன்று 0.4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், அதாவது 27 ஓம். 6.8 கே என்ற எண் அவ்வளவு முக்கியமில்லை. 6.75ம் 6.75ம் இருந்தால் பிரமாதம்.

இன்னொன்றும் உண்டு. ரெசிஸ்டர்கள் சமமில்லாவிட்டால் பிரைமரி வழியாக டி.சி. கசியும், டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு காந்தமேறும், அடிக்குரல்கள் கரகரக்கும். நாயனத்தைவிடத் தவில் பதிவில் இது சீக்கிரம் காதில் படும்.

நாயனக்காதன்:

தவிலைச் சொன்னதால் உள்ளே வருகிறேன். வளவுக்காரன் தம்பி, சாயங்காலம் வரும் அந்தக் கொர் சத்தம் எந்தச் சுருதி என்று கேட்டீர்களா? கரண்ட் ஹம் ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். எங்கள் வீட்டுப் பழைய ரேடியோவில் அதை வைத்தே சுருதி சேர்ப்பார்கள் என்று அப்பா கேலி செய்வார்.

ஈயப்பற்று:

ஐயா சொன்னது வேடிக்கைக்கு இல்லை, நிஜமாகவே உதவும். 50 ஹெர்ட்ஸும் ஐந்து கட்டையை ஒட்டியதுதான், 100ம் அதே சுரத்தின் மேல் ஸ்தாயி. எந்த ஸ்தாயி என்று பார்க்க வேண்டும். 50 என்றால் எர்த் கோளாறு, பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர், ஷீல்டு அறுந்த ஒயர் என்று தேட வேண்டும். 100 என்றால், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின்னால் அலையைச் சமன் செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம். போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் செயலி இருந்தாலும் போதும்.

வளவுக்காரன்:

போனில் பார்த்தேன், 100இல் ஒரு குன்று, 200, 300இல் சின்னச் சின்னதாக. 50இல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஈயப்பற்று:

அப்படியானால் பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து மெயின்ஸ் பகுதியில்தான், 48 வோல்ட்டில் இல்லை. பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களை ஒரு 1 கே 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். பழக்கமில்லாவிட்டால் தெரிந்த டெக்னீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு மைக்கையும் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. 1.5 கே, 5 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரை 48 வோல்ட் அவுட்புட்டில் போட்டால் 32 மில்லி ஆம்பியர் இழுக்கும். எட்டு மைக்கின் பளு அதுதான். மெயின்ஸ் வோல்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக் ஒன்று கிடைத்தால் பகலிலேயே 195க்கு இறக்கி உங்கள் சாயங்காலத்தை வரவழைக்கலாம். அந்த நிலையில், 48ஐ நிலையாக வைக்கும் ரெகுலேட்டருக்கு முந்தைய பெரிய கெப்பாசிட்டரின் மேல் டி.சி. எத்தனை, மீட்டரை ஏ.சி. ரேஞ்சில் வைத்தால் எத்தனை என்று சொல்லுங்கள். கெப்பாசிட்டரில் அச்சிட்டிருக்கும் மதிப்பும் வேண்டும்.

வளவுக்காரன்:

காரைக்குடியில் நண்பர் ஒருவரிடம் வேரியாக் இருந்தது. 232 வோல்ட்டில் டி.சி. 60, ஏ.சி. 1.5. வேரியாக்கை 195க்கு இறக்கினால் டி.சி. 50, ஏ.சி. அதே 1.5. கெப்பாசிட்டர் 470 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட். ரெகுலேட்டர் டிரான்சிஸ்டரின் ஹீட்சிங்குக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. உப்பவில்லை, ஒழுகவில்லை, பார்க்கப் புதுசாகத்தான் இருக்கிறது.

ஈயப்பற்று:

ஆள் அகப்பட்டுவிட்டான்.

மீட்டர் காட்டும் 1.5 என்பது ரம்பப் பல் மாதிரியான அலை. அதன் மேடும் பள்ளமும் சேர்ந்தால் சுமார் 5 வோல்ட். 470 மைக்ரோ ஃபாரட் உயிரோடு இருந்தால் 32 மில்லி ஆம்பியருக்கு வர வேண்டிய ஏற்ற இறக்கம் 0.7 வோல்ட்தான். திருப்பிக் கணக்குப் போட்டால் உங்கள் கெப்பாசிட்டரில் மிச்சம் இருப்பது 64 மைக்ரோ ஃபாரட் அளவு.

இப்போது சாயங்காலக் கதை. சராசரி 50, பள்ளத்தில் 47.5. ரெகுலேட்டர் 48 கொடுக்க வேண்டுமானால் உள்ளே வருவது அதைவிட இரண்டு மூன்று வோல்ட் கூடுதலாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் அது மூச்சுமுட்டுகிறது, நொடிக்கு நூறு தடவை. அதுதான் உங்கள் ஐந்து கட்டை. காலையில் சராசரி 60, பள்ளம் 57.5, ரெகுலேட்டர் கவலைப்படாது. ஒரே ஒரு மைக் என்றால் கரண்ட் எட்டில் ஒரு பங்கு, ஏற்ற இறக்கமும் எட்டில் ஒரு பங்கு, அதனால் சாயங்காலமும் தப்பித்துக்கொள்கிறது.

செலக்டர் 240இல் இருப்பது நிலைமையைக் கொஞ்சம் மோசமாக்குகிறது. காரணகர்த்தா அது இல்லை.

உப்புப்பாலம்:

"பார்க்கப் புதுசாக இருக்கிறது" என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான், பிற்பாடு இந்தத் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன், அதனால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் ஒரு தகடு அலுமினியம். அதன் மேல் படிந்த மிக மெல்லிய அலுமினியம் ஆக்சைடு படலம்தான் மின்காப்பு. மறு தகடு என்று நாம் நினைக்கும் அலுமினியம் வெறும் தொடர்பு முனை. உண்மையான மறு தகடு காகிதத்தில் ஊறிய திரவம். அந்தத் திரவம் ரப்பர் அடைப்பு வழியாக ஆவியாகி மெல்ல மெல்லப் போகிறது. போகப் போக ஈரம் படாத பரப்பு கூடுகிறது, மதிப்பு குறைகிறது, உள் தடை ஏறுகிறது. உப்புவது என்பது உள்ளே வாயு உண்டாகும்போது. நிதானமாகக் காய்கிற கெப்பாசிட்டர் உப்பவே உப்பாது. வெளித்தோற்றத்தை வைத்து நற்சான்று கொடுக்காதீர்கள்.

சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. ஹீட்சிங்குக்குப் பக்கத்தில், நம் ஊர் சித்திரை வெயிலில், மூடிய பெட்டிக்குள் என்றால் நாற்பது வருடம் தாங்கியதே பெரிது. புதிதாகப் போடுவது 105 டிகிரி வகையாக இருக்கட்டும். கால்களைக் கொஞ்சம் நீளமாக விட்டு ஹீட்சிங்கிலிருந்து தள்ளி நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது.

இதற்கு நேர் எதிரான இன்னொரு நோயும் உண்டு. வருடக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்த கெப்பாசிட்டரில் ஆக்சைடு படலம் அங்கங்கே கரைந்து கசிவு கூடும். எனவே பரணிலிருந்து இறக்கிய கன்சோலை நேராக 230இல் செருகக் கூடாது. வேரியாக்கில் மெதுவாக ஏற்றினால் படலம் தானே திரும்ப வளரும்.

ஈயப்பற்று:

அக்காவுக்கு நன்றி. வேரியாக் இல்லாதவர்கள் குறைந்தது ஒரு 100 வாட் குண்டு பல்பையாவது சீரிஸில் போட்டு முதல் முறை ஏற்றுங்கள். எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், கன்சோல் பிழைக்கும். ஆனால் அது ஷார்ட்டுக்கான காவல்தான், அக்கா சொன்ன மெதுவான ஏற்றத்துக்கு மாற்று இல்லை.

மைக்செட்_தேவகோட்டை:

கெப்பாசிட்டரை மாற்றுங்கள், சரி. செலக்டரையும் 220க்குத் தள்ளிவிட்டால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். எங்கள் ஊர்ப்பக்கம் திருவிழா நாளில் 180 கூட வரும். சீரியல் செட் எல்லாம் எரிய ஆரம்பித்தால் கேட்கவே வேண்டாம்.

ஈயப்பற்று:

இதில் எனக்கு உடன்பாடில்லை. செலக்டர் 48இன் ரெகுலேட்டருக்கு வருவதை மட்டும் ஏற்றாது, கன்சோலை ஓட்டும் பிளஸ் மைனஸ் 17 வோல்ட் ரெயில்களின் ரெகுலேட்டர்களுக்கு வருவதையும் சேர்த்து ஒன்பது சதவீதம் ஏற்றும். பகலில் 240 வருகிற நாளில் அந்த ரெகுலேட்டர்கள் கூடுதல் சூட்டைக் குடிக்க வேண்டும். அக்கா சொன்ன பத்து டிகிரிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். புது கெப்பாசிட்டர் போட்டால் சாயங்காலப் பள்ளம் 51, 52இல் நிற்கும், அது போதும்.

மைக்செட்_தேவகோட்டை:

180க்கு வந்தால்?

ஈயப்பற்று:

180க்கு வந்தால் போதாது. அதற்கு ஸ்டெபிலைசர்தான். ரிலே வைத்தது வேண்டாம், ரிலே மாறும் ஒவ்வொரு தடவையும் ரெக்கார்டிங்கில் டக் என்று விழும். சர்வோ வகை வாங்குங்கள்.

மைக்செட்_தேவகோட்டை:

அது ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கல்யாண வீட்டில் ஸ்டெபிலைசரை யார் தூக்குவது? நான் 220இல்தான் ஓட்டுவேன். என் மிக்ஸருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. 🙏

கோட்டையூர்_தம்பி:

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டினால்? கரண்ட் போனால்கூடப் பதிவு நிற்காதே.

ஈயப்பற்று:

சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் தாராளமாக. ஸ்கொயர் வேவ் என்றால் இந்தக் கன்சோலுக்கு ஆகாது. ஃபில்டர் கெப்பாசிட்டர் அலையின் உச்சிவரை நிறைகிறது. 230 வோல்ட் சைன் அலையின் உச்சி 325. சதுர அலைக்கு உச்சியும் 230தான், அதாவது 71 சதவீதம். பகலில் 60 இருந்தது 43 ஆகிவிடும். ஃபாண்டம் அப்படியே படுத்துவிடும், மற்றவை ஓடுவது போலத் தெரியும். பலர் இதைப் பார்த்துத்தான் மைக் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள்.

உப்புப்பாலம்:

எர்த்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்தக் கால வீடுகளில் மரச்சட்ட ஒயரிங்கும் இரண்டு பின் பிளக்கும்தான் இருக்கும். மூன்றாவது ஓட்டை இருந்தாலும் பின்னால் ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கம் செம்பாறை மண், கோடையில் எலும்பு போலக் காய்ந்துவிடும். எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டிருந்தாலும் தண்ணீர் ஊற்றாவிட்டால் பயனில்லை. ஹம்மைக் குறைக்கிறேன் என்று எர்த் பின்னை வெட்டிவிடும் பழக்கம் யாருக்காவது இருந்தால், தயவுசெய்து வேண்டாம். மைக்கைப் பிடித்துப் பாடுகிறவருக்குத்தான் ஷாக் அடிக்கும்.

வளவுக்காரன்:

எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு வருகிறேன். கெப்பாசிட்டர் 470, 100 வோல்ட், 105 டிகிரி கிடைத்தது. ஹீட்சிங்கைவிட்டு ஒதுக்கிப் பற்றவைத்தோம். 1.5 கே பளுவில், 195 வோல்ட்டில் டி.சி. 52.5, ஏ.சி. 0.2 காட்டுகிறது. எட்டு மைக்கோடு இரவு எட்டு மணிக்குப் பதிவு எடுத்தோம். 100 ஹெர்ட்ஸ் குன்று இருந்த இடம் தெரியவில்லை. செலக்டரைத் தொடவில்லை.

5ஆம் சேனலில் ஐயா சொன்னது போலவே ஒரு ரெசிஸ்டர் காபிப்பொடி நிறத்தில் இருந்தது. முனையைத் தூக்கி அளந்தால் 7.7 கே, மற்றது 6.83. இரண்டையும் எடுத்துவிட்டு அரை வாட் மெட்டல் ஃபிலிம், ஒரே பட்டையில் வந்தவற்றை அளந்து 6.79ம் 6.79ம் ஆக ஒரு ஜோடி பொறுக்கிப் போட்டோம். இப்போது 35.8. இரைச்சல் மற்ற சேனல்களுக்குச் சமம்.

11ஆம் சேனல்தான் முழுதாகத் தேறவில்லை. கிளீனர் விட்டதும் 35.6 வந்தது, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் 31.

ஈயப்பற்று:

அந்த ஸ்விட்சை மாற்றிவிடுங்கள். வெள்ளிக் காண்டாக்ட் கறுத்துப் பூச்சு தேய்ந்துவிட்டால் கிளீனர் சும்மா ஆறுதலுக்குத்தான். அதே அளவு புது ஸ்விட்ச் கிடைக்காவிட்டால், அதிகம் தேவைப்படாத சேனல் ஒன்றின் ஸ்விட்சை இங்கே மாற்றிவிட்டு, அந்தச் சேனலை டைனமிக் மைக்குக்கு என்று ஒதுக்கிவிடலாம்.

5ஆம் சேனல் டிரான்ஸ்ஃபார்மரில் கொஞ்சம் காந்தம் தங்கியிருக்கலாம். ஒரு தவில் பதிவை அதிலும் பக்கத்துச் சேனலிலும் ஒரே நேரத்தில் எடுத்து, அடிக்குரலை ஒப்பிட்டுக் கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் எழுதுங்கள், அப்புறம் பார்ப்போம்.

அப்புறம், பேட்ச் பேயில் (ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகும் ஜாக் பலகை) மைக் லைன்கள் இருந்தால் ஃபாண்டம் போட்டபடி ஜாக்கைச் செருகவோ பிடுங்கவோ வேண்டாம். ஜாக் உள்ளே போகும்போது முனைகள் ஒரு கணம் மாறி ஒட்டும். பழைய ரிப்பன் மைக்கின் ரிப்பன் அந்தக் கணத்திலேயே இழுபட்டுப்போகலாம். முதலில் சேனலை மியூட், பிறகு ஃபாண்டம் அணை, ஒரு நிமிடம் பொறு, அதற்குப் பிறகு கேபிள்.

மைக்செட்_தேவகோட்டை:

3ம் 1ம் சேர்த்த அந்த ஒயரை என்ன செய்தீர்கள்? வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள், என் குழாய் ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையருக்கு ஆகும்.

வளவுக்காரன்:

சிவப்பு டேப் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன் அண்ணே. தேவகோட்டை வரும்போது எடுத்து வருகிறேன். 11க்கு ஸ்விட்ச் தேடிக்கொண்டிருக்கிறேன், முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் கழற்றிப் போட்ட கன்சோல் போர்டு எதையாவது யாரேனும் பார்த்தால் சொல்லுங்கள். ஆறு கால், அழுத்தினால் நிற்கும் வகை.